முடிஞ்சுதா, முடியலையா?

துணியைச் சாயப்பட்டறைக்கு அனுப்பிட்டு மறுநாள் போன் போட்டு, "முடிஞ்சுதுங்களாண்ணா?" என்று கேட்காத ஆள் திருப்பூரில் உண்டா? பதில் மூணு விதமா வரும். இன்னும் ஓடிட்டு இருக்கு. முடிஞ்சுது, நல்லா வந்திருக்கு. முடிஞ்சுது, ஆனா ஷேடு மாறிப்போச்சு. முதல் ரெண்டையும் யாரும் குழப்பிக்க மாட்டோம்.

பைதானில் நான் குழப்பிக்கிட்டேன். சப்ப்ராசஸ் மாட்யூலில் ஒரு சைல்டு ப்ராசஸைத் தொடங்கினால், அது முடிந்ததா என்று பார்க்க 'போல்' என்று ஒரு மெத்தட் இருக்கு. சீனியர் கொடுத்த பழைய நோட்ஸ், பைதான் 2.7 டாக்குமென்ட்டைப் பார்த்து எழுதினது. அந்த டாக்குமென்ட்டில் இதற்கு ரெண்டே வரி: சைல்டு ப்ராசஸ் முடிந்ததா என்று பார்க்கும், ரிட்டர்ன்கோடை நிரப்பித் திருப்பித் தரும். "முடிந்ததா" என்று கேட்டால் ட்ரூ, ஃபால்ஸ்தானே வரும் என்று நினைச்சேன். வருவது அது இல்லை. ஓடிக்கொண்டிருந்தால் 'நன்'. ஒழுங்காக முடிந்தால் 0. சொதப்பினால் வேறு எண். லினக்ஸில் கில் மைனஸ் 9 போட்டுக் கொன்றிருந்தால் -9.

வில்லங்கம் எங்கேன்னா, 'நன்', 0 ரெண்டையுமே வைல் லூப் ஃபால்ஸாகத்தான் எடுக்கும். அதனால் "போல் ஃபால்ஸாக இருக்கும்வரை காத்திரு" என்று நான் எழுதின லூப், வேலை தோற்றால் நிற்கும். ஜெயிச்சால் நிற்கவே நிற்காது! ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி முழுக்க, சரியாக ஓடின ப்ரோகிராமில் தப்பு தேடிட்டு இருந்தேன். 'இஸ் நன்' என்று கேட்டிருந்தால் ஒரே வரியில் முடிஞ்சிருக்கும்.

இந்த மாதிரி நேரத்தில் "நமக்கு இங்கிலீஷ் பத்தல" என்று ஃப்ரெண்ட்ஸ் தலையைக் குனிஞ்சுக்கறாங்க. நான் இங்கிலீஷ் மீடியம்தான், எனக்கும் புரியலையே. இல்லாத வாக்கியத்தை எந்த மீடியத்தில் படிச்சாலும் புரியாது. எழுதினவருக்கு விஷயம் தெரியும், அதனால் விட்டுப்போனது அவர் கண்ணில் படலை. தெரியாத நம்ம கண்ணில்தான் அது படும்.

பைதான் 3 டாக்குமென்ட்டில் இப்போ "இல்லையென்றால் நன்" என்று ஒரு வாக்கியம் சேர்த்திருக்காங்க. நல்ல விஷயம். ஆனா 0 பற்றின எச்சரிக்கை அந்த இடத்தில் இன்னும் இல்லை. 2017 முதல் பைதான் கிட்ஹப்பில்தான் இருக்கு, டாக்குமென்ட்டும் அங்கேயே. திருத்தம் யார் வேணும்னாலும் அனுப்பலாம். நான் ஒரு வரி எழுதி வெச்சிருக்கேன்: "0 என்றால் முடிந்தது, 'நன்' என்றால் முடியவில்லை, இஃப்பில் நேராகப் போடாதீர்கள்." இங்கிலீஷில் மாத்தி இந்த வாரம் அனுப்பறேன்.