பார்த்ததும் கேட்டதும்



இம்மாதம் துருக்கி மொழியைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம். தமிழ் திராவிடக் குடும்பத்து மொழி; அது வேறு குடும்பம். ஆனாலும் அதன் இலக்கணத்தைப் படிக்கும்போது எனக்கு அது அந்நியமாகத் தோன்றவில்லை. நம்மைப் போலவே அவர்களும் சொல்லின் பின்னால் விகுதிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போகிறார்கள்.

‘எவ்’ என்றால் வீடு. ‘எவ்லெர்’, வீடுகள். ‘எவ்லெரிமிஸ்’, எங்கள் வீடுகள். ‘எவ்லெரிமிஸ்தென்’, எங்கள் வீடுகளிலிருந்து. நாம் ‘எங்கள்’ என்பதை முன்னால் தனிச்சொல்லாக வைக்கிறோம். அவர்கள் அதையும் பின்னால் ஒட்டிவிடுகிறார்கள். ‘எவ்லி’ என்றால் நேர்ப்பொருளில் வீடுடையவர், வழக்கில் மணமானவர். ‘எவ்ஸிஸ்’ என்றால் வீடற்றவர். ஒரு சிறு விகுதி ஒருவரின் நிலையையே மாற்றிச் சொல்லிவிடுகிறது.

என்னை அதிகம் சிந்திக்க வைத்தவை வினைச்சொல்லின் இரு விகுதிகள். ‘கெல்தி’ என்றாலும் வந்தார், ‘கெல்மிஷ்’ என்றாலும் வந்தார். நேரில் கண்டவரோ நிச்சயமாக அறிந்தவரோ ‘கெல்தி’ என்பார். பிறர் சொல்லக் கேட்டவர் ‘கெல்மிஷ்’ என்பார். வாசலில் செருப்பைக் கண்டு, ஆள் வந்திருக்கவேண்டும் என்று ஊகிப்பவரும் ‘கெல்மிஷ்’ என்றே சொல்வார்.

நம்மிடமும் இது உண்டு. கேள்விப்பட்டதை ‘வந்தாராம்’ என்கிறோம். ஊகித்ததை ‘வந்திருக்கிறார் போல’ என்கிறோம்.

யுத்த காலத்திலும், 2009இல் அது முடிந்த பின்னரும், காணாமற்போனவர்களைப் பற்றி எத்தனை செய்திகள் நம் காதுக்கு வந்தன! ‘இன்ன முகாமில் இருக்கிறாராம்’ என்று ஒருவர் சொன்னது, இரண்டு மூன்று வாய் கடந்ததும் ‘இருக்கிறார்’ என்று ஆகிவிடும். அந்த ‘ஆம்’ விடுபட்டதால், இருப்பதை விற்றுப் பயணம் போய் வெறுங்கையோடு திரும்பிய தாய்மார் உண்டு.

ஆகவே சகோதரிகளே, செய்தி சொல்லும்போது ‘ஆம்’ என்பதை விட்டுவிடாதீர்கள். யாராவது செய்தி கொண்டுவந்தால், ‘நீங்கள் கண்டீர்களா, கேள்விப்பட்டீர்களா?’ என்று கேளுங்கள். எங்காவது வாக்குமூலம் கொடுக்க நேர்ந்தால் கண்டதை வேறாகவும் கேட்டதை வேறாகவும் சொல்லுங்கள். எழுதியதை உங்களுக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டச் சொல்லி, அந்த வேறுபாடு அப்படியே இருக்கிறதா என்று பார்த்த பின்பே கையொப்பமிடுங்கள்.