தங்கக் காப்பும் தகரக் காரும்



சமையலும் பிள்ளை வளர்ப்பும் பேசும் இந்தப் பக்கத்தில் காருக்கு என்ன வேலை என்று முகம் சுளிக்காதீர்கள். பெருநாள் விடுமுறையில் ராத்தா வீட்டில் நடந்த வழக்கைப் பார்த்த பிறகுதான் இதை எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

ராத்தாவின் மகள் ஆசிரியை. பசறையைத் தாண்டி மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் நியமனம். பதுளையில் விடியற்காலை பஸ் பிடித்து, பசறையில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்குக் கால்கடுக்க நின்று, மிச்சத் தூரத்துக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும். மழைக்காலத்தில் பாதையில் மண் சரிந்தால் அன்றைக்கு அதுவும் இல்லை. சம்பளத்தில் பெரும்பங்கு ஆட்டோவுக்கே போகிறது என்று கண்ட ராத்தா, தன் இரண்டு காப்புகளையும் விற்று, சீட்டுக் காசையும் சேர்த்து, ஒரு சின்னக் கார் வாங்கத் துணிந்துவிட்டார். லீசிங் என்ற பேச்சே கூடாது, வட்டிக்குத் தலையைக் கொடுக்க மாட்டேன் என்பதில் அவர் உறுதி. ஆக, கையில் இருப்பதுதான் காசு. அதற்கு மேல் ஒரு சதமும் கிடையாது.

கார் தேடும் பொறுப்பு மகனிடம் போயிற்று. அவனும் தொலைபேசியில் ஒரு படத்தோடு வந்து நின்றான். சிவப்பு நிற டொயோட்டா ஸ்டார்லட். தரையோடு தரையாகப் பதிந்து நிற்கிறது. பின்னால் சைலன்சர் குழாய், நம் வீட்டுப் புட்டுக் குழலைவிடப் பெரிசு. “சாச்சி, இது சும்மா கார் இல்லை. ஹொட் ஹட்ச்!” என்றான்.

காசு ராத்தாவுடையது. ஓட்டப்போவது மகள். தேர்ந்தெடுப்பது மட்டும் மகன். நம் வீடுகளில் இது புதிதா என்ன?

ஹொட் ஹட்ச் என்பது என்னவென்று அவனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். பின்கதவு மேலே திறக்கும் சின்னக் காரில் பலமான என்ஜினைப் பொருத்தினால் அதுதான். 1976இல் ஜெர்மனியின் வொக்ஸ்வாகன் கம்பனி விற்பனைக்கு விட்ட கோல்ஃப் ஜீ.டீ.ஐ. என்ற கார் இந்த வகைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. சாதாரணக் குடும்பக் காரில் 1.6 லீற்றர், 110 குதிரைவலு. பிறகு ஜப்பான்காரர்களும் செய்தார்கள். 1990களின் ஸ்டார்லட்டிலேயே டர்போ பொருத்திய 135 குதிரைவலு வகை உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கம்பனி செய்த அந்தக் கார்களில் என்ஜினோடு சேர்த்து பிரேக்கையும் ஸ்பிரிங்கையும் அதற்கேற்பத் திருத்தியிருந்தார்கள். நம்மூரில் குறைந்த விலைக்கு வருபவற்றில் பல, சாதாரணக் காரின் ஸ்பிரிங்கை வெட்டி, குழாயை மாற்றி, ஸ்டிக்கர் ஒட்டியவை. ஓசை மட்டும்தான் கூடியிருக்கும். தோட்டத்துக் கல் பாதையில் அந்தக் குழாய் எத்தனை நாள் தாங்கும் என்று நான் கேட்டதற்கு மருமகனிடம் பதில் இல்லை.

எனக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு. சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கார் வாங்கினார். பளபளவென்று மெழுகு போட்டிருந்தார்கள். காலி வீதியில் ஓட்டிப் பார்த்தார், வெண்ணெய் போல ஓடியது. காசைக் கொடுத்துவிட்டு இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக வந்தோம். ஹல்துமுல்லைக்கு மேல் ஏறும்போது சூட்டைக் காட்டும் முள் மேலே போய் நின்றுவிட்டது. பெரகல சந்திக்கு முன்னால், பிள்ளைகளோடு, மூடுபனியில், என்ஜினிலிருந்து ஆவி பறக்க நின்றோம். ஹெட் கேஸ்கட் போய்விட்டதாம். காரின் விலையில் கால்வாசி கராஜுக்குப் போனது.

அந்த நாளில் நான் கற்றது ஒன்றுதான். கார் எங்கே ஓடப்போகிறதோ, அங்கே ஓட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். பதுளை நகரம் சுமார் 680 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அப்புத்தளை 1400 மீட்டருக்கும் மேலே. ஆயிரம் மீட்டர் உயரத்தில் காற்று மெலிவதால் டர்போ இல்லாத என்ஜின் பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை இழக்கிறது. அதோடு நாலு பேர், அரிசி மூட்டை, பாதி வழி இரண்டாம் கியர். சமதரையில் மறைந்திருக்கும் நோயெல்லாம் இங்கே அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். அதனால் விற்பவர் கொழும்புக்காரராக இருந்தால், மலை ஏற்றிப் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். என் விருப்பத்தைக் கேட்டால், நம் பக்கத்திலேயே ஓடிய காரைத்தான் வாங்கச் சொல்வேன். மலையில் ஓடிய காருக்கு கிளட்ச்சும் பிரேக்கும் தேய்ந்திருக்கும், உண்மை. ஆனால் அவற்றுக்கு என்ன செலவாகும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். சூடேறிக் கெட்ட என்ஜினுக்கு அப்படிக் கணக்குப் போட முடியாது.

பார்க்கப் போகும்போது நீங்களும் போங்கள், சகோதரிகளே. “ஆம்பிளைகள் பார்த்துக்கொள்வார்கள்” என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். ஆண்கள் பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கதை பேசுவார்கள். என்ஜின் ஆறியிருக்கும்போது போக வேண்டும். விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆகாத கார் என்று சந்தேகப்படலாம். ஆறிய நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். சூடாக இருக்கும்போது ஒருபோதும் திறக்கக் கூடாது, முகம் வெந்துபோகும். தண்ணீர் வெறும் தேத்தண்ணீர் நிறத்தில் இருந்தால் உள்ளே துரு. ஒயில் ஊற்றும் மூடியின் உட்பக்கம் பால் தேத்தண்ணீர் நிறத்தில் பிசுபிசுப்பு இருந்தால், தண்ணீரும் ஒயிலும் கலக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். குளிர் ஊரில் சின்ன ஓட்டம் ஓடும் காரில் மூடியில் மட்டும் கொஞ்சம் படிவதுண்டு. ஒயில் பார்க்கும் கம்பியிலும் அதே நிறம் இருந்தால் சலாம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ஸ்டார்ட் செய்த பின் பின்னால் நின்று புகையைப் பாருங்கள். நீலமாக வந்தால் ஒயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை விடாமல் வந்தால் தண்ணீர் எரிகிறது.

பிறகு பின் சீற்றில் ஏறி உட்காருங்கள். பிள்ளைகள் உட்காரப்போகும் இடம் அதுதான். பெற்றோல் வாடை வருகிறதா? எல்ல வளைவுகளில் வாடையோடு வாந்தியும் வரும். பின் சீற்றில் பெல்ட் இருக்கிறதா, அதை முழுதாக வெளியே இழுத்தால் சேற்றுக் கோடு தெரிகிறதா? 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் வெள்ளத்தில் நாட்டில் எத்தனையோ வாகனங்கள் மூழ்கின. மூழ்கிய காரைக் கழுவி, வாசனை தெளித்து விற்பவர்கள் எந்த நாட்டிலும் உண்டு. கால்மிதிக்குக் கீழே கையை விட்டுப் பாருங்கள், ஈரமும் மண்ணும் பொய் சொல்லாது.

ஏற்றத்தில் கிளட்ச்சைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. முன்னால் யாரும் நிற்காத வெளியிடத்தில், அனுபவமுள்ளவர் கைபிரேக்கை இறுக்கி இழுத்து, கால் பிரேக்கையும் மிதித்து, மூன்றாம் கியரில் கிளட்ச்சை மெல்ல விட வேண்டும். என்ஜின் உடனே நின்றுபோனால் கிளட்ச் நல்லது. நிற்காமல் உறுமிக்கொண்டே இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது, விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

ஆனால் எல்லாவற்றிலும் மேலாக நான் கேட்பது பிரேக்கைத்தான். ஏற முடியாத கார் நம்மை நடுவழியில் நிறுத்தும், அவ்வளவுதான். இறக்கத்தில் நிற்காத கார் என்ன செய்யும் என்று நம் மாகாணத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2021 மார்ச்சில் லுணுகலை–பசறைப் பாதையில் 13ஆம் கட்டையில் பஸ் பள்ளத்தில் விழுந்ததையும், 2025 செப்டம்பரில் எல்ல–வெல்லவாயப் பாதையில் 15 பேர் மாண்டதையும் யார் மறப்பார்கள்? எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு ஒரே இறக்கமாக எண்ணூறு மீட்டர் அளவுக்கு இறங்குகிறோம். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறி, உள்ளே இருக்கும் பிரேக் ஒயில் கொதிக்கும். அந்த ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டொட் 3 வகையை எடுத்துக்கொண்டால், புதிதாக இருக்கும்போது 205 பாகைக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு 140 பாகை வரை இறங்கிவிடலாம். கொதித்தால் பெடல் பஞ்சு போல உள்ளே போகும், கார் நிற்காது. ஆகவே எந்தப் பழைய காரை வாங்கினாலும் முதல் வேலையாகப் பிரேக் ஒயிலை மாற்றுங்கள், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை. வாங்கும் முன் என்ஜின் ஓடும்போது பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல மெல்லக் கீழே போனால் அந்தக் காரில் வீடு திரும்பாதீர்கள். இறங்கும்போது, ஏறும் கியரிலேயே இறங்க வேண்டும் என்று நம் பழைய லொறி டிரைவர்மார் சொல்வது முழுக்கச் சரி.

டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பொத்தான் போலப் புதிதாகத் தெரியும் டயர் பத்து வருடப் பழசாக இருக்கலாம்.

இனி, எந்தக் கார்? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பழைய கார்களின் விலை ஏறிய கதை உங்களுக்குத் தெரியும். 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தார்கள், ஆனால் வரியோடு சேர்ந்த விலை நம் போன்றோருக்கு எட்டாது. ஆகவே பழசுதான். மாருதி 800 மலிவு, பார்ட்ஸ் எங்கும் கிடைக்கும், கராஜ் பாஸ்மார் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவார்கள். ஆனால் 796 சிசி என்ஜின், நாலு பேரோடு நம் ஏற்றங்களில் மூச்சு வாங்கும். 1990களின் நிசான் மார்ச் நல்ல கார், டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாகச் செயின் உள்ளது. கியர் வண்டியாக எடுங்கள். அந்தக் காலத்து ஓட்டோ மார்ச்சைக் குறைந்த காசுக்காரர்கள் தொட வேண்டாம். சாதாரண ஸ்டார்லட் 1331 சிசி, எடை எண்ணூறு கிலோவுக்குக் கிட்ட. குழாயும் ஸ்டிக்கரும் இல்லாமலே நம் மலையைச் சுறுசுறுப்பாக ஏறும். ஒரு இலட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை டைமிங் பெல்ட் மாற்ற வேண்டும். மாற்றியதற்குப் பற்றுச்சீட்டு இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பத்திரத்திலும் கண் வேண்டும். பதிவுச் சான்றிதழில் உள்ள செசி இலக்கமும் என்ஜின் இலக்கமும் காரில் உள்ளதோடு ஒத்திருக்க வேண்டும். ஹொட் ஹட்ச் என்று விற்கும் கார்களில் என்ஜின் மாற்றியிருப்பார்கள், அதனால் அங்கே இரட்டிப்புக் கவனம். முழு உரிமையாளர் என்ற இடத்தில் நிதிக் கம்பனியின் பெயர் இருந்தால் இன்னும் லீசிங் முடியவில்லை என்று பொருள். “ஓப்பன் பேப்பர்ஸ் தருகிறேன், பிறகு மாற்றிக்கொள்ளுங்கள்” என்பார்கள். கார் நம் பெயருக்கு வரும்வரை, அந்தக் காப்பு இன்னொருவர் கையில்தான் கிடக்கிறது.

இன்னுமொன்று. கையில் இருபது இலட்சம் இருந்தால் பதினாறுக்கு மேல் கார் பார்க்காதீர்கள். மிச்சம் நாலும் வாங்கிய முதல் மாதத்தில் டயருக்கும் பெல்ட்டுக்கும் ஹோஸுக்கும் காப்புறுதிக்கும் போகும். நாமே கூட்டிப் போகும் பாஸுக்குக் கூலி கொடுத்துக் காரைப் பார்க்க வைப்பதும் அந்தக் கணக்கில்தான். விற்பவருக்குத் தெரிந்த பாஸ் வேண்டாம். காரை ஓட்டப்போகும் சகோதரிகளுக்கு மட்டும் ஒரு வார்த்தை: அபாயாவின் ஓரம் பெடலில் சிக்கும். உட்கார்ந்ததும் முழங்காலுக்குக் கீழே மடித்துச் சொருகிக்கொள்ளுங்கள்.

ராத்தா வீட்டு வழக்கு என்னவாயிற்று? சிவப்புக் காரைப் பார்க்க நாங்கள் மூவருமாகப் போனோம். பதுளையிலிருந்து ஹாலிஎல தாண்டி ஏற்றினோம். தெமோதரைக்கு முன்பே ஒயில் மணமும் நீலப் புகையும். குழாய் ஓசையில் ராத்தாவுக்குத் தலைவலி. இரண்டு மாதம் பொறுத்து, பண்டாரவளையில் ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிளாக்கர் ஐயா ஒருவரின் வெள்ளை ஸ்டார்லட் கிடைத்தது. பெயின்ட் மங்கல், ஒரு கதவில் சொட்டை. ஆனால் ஒவ்வொரு சேர்விஸ் பற்றுச்சீட்டையும் பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்திருந்தார். மிச்சக் காசில் நாலு டயர், பெல்ட், பிரேக் ஒயில்.

முதல் வாரம் துணைக்கென்று மகனும் பக்கத்தில் உட்கார்ந்து போனான். மடுல்சீமை ஏற்றத்தில் மகள் கொழுந்து லொறி ஒன்றை முந்தினாளாம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவன் சொன்னது: “தங்கச்சி, கொஞ்சம் மெல்லப் போ.”