நாய்க்கடியும் சர்க்காரின் கடமையும்

அக்காள்மடம் போன்ற கடலோரக் கிராமங்களில் மீன் காயும் இடத்தைச் சுற்றியே நாய்கள் திரியும். தகப்பன் கடலுக்கும் தாய் கூலிக்கும் போனபின் பிள்ளைகள் விளையாடுவதும் அங்கேதான்.

பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்போம்: நாயைக் கண்டு ஓடாதே, அசையாமல் நில்; தின்னும் நாயை, குட்டி போட்ட நாயை நெருங்காதே; கடித்தால் அடிக்குப் பயந்து மறைக்காதே. கடிவாயைச் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்; சுண்ணாம்பும் மந்திரிப்பும் உதவா. வெறிநோய் கண்டபின் மருந்தில்லை.

ஆனால் பாடம் ஏழைக்கு மட்டும்தானா? 1907 முதல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் இருக்கும் மாநிலம் இது. தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் உள்ளாட்சியின் பொறுப்பென்று 2023ம் வருட விதிகள் கூறுகின்றன. கிராமத்துச் சுகாதார நிலையத்தில் எந்நேரமும் ஊசி இருக்கவேண்டும். ஊசிக்கு அலைந்து இழக்கும் கூலிக்கு ஈடு வேண்டும். ஒன்றுபட்டுக் கேட்போம், பெறுவோம்!