இரு கார்டும் ஒரு பொதுவாயிலும்

கணிப்பொறியொன்று இரண்டு நெட்வொர்க் கார்டுகளைப் பெற்றிருத்தல் இக்காலத்தில் அரிய காட்சியன்று. ஒரு கார்டு கல்லூரியின் அல்லது ஆலையின் உள்வலையோடும், மற்றொன்று உலகளாவிய இணையத்தோடும் பிணைக்கப்பெறுகின்றன. தனித்தனியே செவ்வனே இயங்கும் இவ்விரண்டும் ஒருங்கே இணைக்கப்பட்டவுடன், ஒன்று செயலற்றுப் போதலுண்டு. அப்பொழுது பலரும் செய்வது யாது? கார்டைப் பழித்துப் புதியதொன்று வாங்குகின்றனர், கேபிளை மாற்றுகின்றனர், ஈற்றில் விண்டோஸையே அழித்து மீண்டும் நிறுவுகின்றனர். இத்தகைய இடங்களில் பழுது பெரும்பாலும் பொருளில் இல்லை, வழியில் உளது என்பதே நமது துணிபு. பொருளை மாற்றுமுன் வழியட்டவணையைப் படிக்கும் பழக்கம் நம் மாணாக்கர்க்கு வேண்டும் என்று வற்புறுத்தவே இதனை எழுதலுற்றோம்.

வழியட்டவணையாவது யாது? செங்கற்பட்டிலிருந்து மதுராந்தகம் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் உள்ள படாளம் கூட்டுரோட்டை நம்மில் பலர் அறிவர். வேடந்தாங்கற் பறவைகளைக் காணச் செல்வோர் அங்கே மேற்கே திரும்புகின்றனர். தென்னாட்டுக்குச் செல்வோர் நேரே செல்கின்றனர். வேடந்தாங்கலுக்கெனத் தனிவழி உண்டு. தனிவழி குறிக்கப்படாத ஏனையோர்க்குப் பெருஞ்சாலையே வழி. கணிப்பொறியும் இவ்வாறே செய்கின்றது. பாக்கெட் எனப்படும் ஒவ்வொரு செய்திப்பொதியும் சேரவேண்டிய முகவரியை அது தன் அட்டவணையோடு ஒப்பிட்டு, மிகக் குறிப்பாகப் பொருந்தும் வரியையே தேர்கின்றது. வேறெவ்வரியும் பொருந்தாதாயின், 0.0.0.0 என்னும் வரியின்படி, டீபால்ட் கேட்வே என வழங்கும் பொதுவாயிலுக்கு அனுப்பிவிடுகின்றது.

இனி, படாளத்தில் எதிரெதிர்த் திசையில் இரண்டு கைகாட்டிகளை நட்டு, இரண்டிலும் ‘எல்லா ஊர்க்கும்’ என்று எழுதிவைத்தால் வழிப்போக்கன் என் செய்வான்? இரு கார்டுகளிலும் பொதுவாயிலின் முகவரியை நிரப்பும் நாம் அதனையே செய்கின்றோம். அந்நிலையில் மெட்ரிக் என்னும் எண் சிறிதாயுள்ள வரியே முந்துரிமை பெறும். விண்டோஸ் இவ்வெண்ணைத் தானே குறிக்குங்கால், வேகம் மிக்க கார்டுக்குச் சிறிய எண்ணை வழங்குகின்றது. ஆதலின், வைபை வழியே இணையம் பெற்றுவந்த கணிப்பொறியில் வேகமிக்க உள்வலைக் கேபிளைச் செருகியவுடன், இணையத்துக்குரிய பொதிகளும் உள்வலை வாயிலிற் சென்று முட்டி நிற்கின்றன. கார்டும் பழுதன்று, கேபிளும் பழுதன்று.

ஆய்வு முறையோடு நடத்தல் வேண்டும். முதற்கண், ஒவ்வொரு கார்டின் வாயிலையும் பிங் செய்து, அண்மையிணைப்பு நலமாயுளதா எனக் காண்க. இரண்டாவதாக, விண்டோஸாயின் ‘ரூட் பிரிண்ட்’, லினக்ஸாயின் ‘ஐபி ரூட்’ என்னும் ஆணையால் அட்டவணையைப் படிக்க. பொதுவாயில் இருமுறை காணப்படின், உள்வலைக் கார்டிலுள்ளதை நீக்குக. உள்வலையில் அப்பாலுள்ள பகுதி 10.30.0.0 எனவும், அதற்குச் செல்லும் வாயில் 10.20.0.1 எனவும் கொள்வோமாயின், அப்பகுதிக்கு மட்டும் அவ்வாயில்வழித் தனிவரியொன்று சேர்க்க. அவ்வரி கணிப்பொறியை மீளத் தொடங்கியபின்னும் நிலைக்குமாறு பதிவு செய்க. மூன்றாவதாக, இரு கார்டுகளும் 192.168.1.0 போன்ற ஒரே எண்வரிசையில் அமைந்தனவா என்று நோக்குக. அமைந்தனவாயின் ஒருபுறத்து எண்வரிசையை மாற்றுதல் வேண்டும். நான்காவதாக, மறுமுனைக்கு மீளும் வழி தெரியுமா என ஆராய்க. சென்ற பொதி சேர்ந்தும், விடை திரும்ப வழியின்றேல் இணைப்பு நிகழாது. விடை வேறொரு கார்டின் வழியே நுழைய முற்படின், லினக்ஸில் மீள்வழிச் சோதனை கடுமையாய் அமைக்கப்பட்டிருப்புழி, அஃது அவ்விடையை வாயிலிலேயே தள்ளிவிடும்.

இவ்விடர் புதியதன்று. பல வலைகளோடு தொடர்புடைய கணிப்பொறியின் சிக்கல்களை 1989-ஆம் ஆண்டு வெளிவந்த ஆர்.எப்.சி. 1122 என்னும் இணைய நெறிநூலே விரித்தாராய்ந்துள்ளது.

‘ஒரு வாயில் அடைபடின் மற்றொன்று உதவுமன்றோ? இரண்டிருத்தல் நன்றே’ என்பாருமுளர். இரு வாயில்களும் இணையத்துக்கே செல்வனவாயின் அவர் கூற்றில் பொருளுண்டு. மெட்ரிக் எண்ணை நாமே வகுத்து அவ்வாறு அமைக்கலாம். ஆயின் வாயிலுக்கு அப்பால் வழி அறுந்தால், கார்டு உயிருடன் இருத்தலின், கணிப்பொறி அதனைத் தானே உணராது. மற்று, ஒரு வாயில் அடைபட்ட உள்வலைக்கே செல்வதாயின் அது மாற்று வழியாகாது, முட்டுச்சந்தே ஆகும்.

பணச்செலவினும் பெரியதொரு கேடும் உண்டு. கூடங்குளம் அணுமின் நிலையத்தைப்பற்றிய செய்தி பரவியபின், இந்திய அணுமின் கழகம் 2019 அக்டோபர் 30-ஆம் நாள், தன் கணிப்பொறியொன்றில் தீநிரல் காணப்பட்டதை ஒப்புக்கொண்டது. அது நிர்வாகப் பணிக்குரிய, இணையத்தோடு தொடர்புடைய வலையைச் சார்ந்ததென்றும், முதன்மையான உள்வலை அதனின்று பிரிக்கப்பட்டதென்றும் அக்கழகம் அறிவித்தது. அப்பிரிவின் அருமையை நோக்குமின். இரு கார்டுடைய கணிப்பொறி இத்தகைய இரு வலைகளுக்கும் இடையே நிற்கும் கதவு போன்றது. எப்படியேனும் இயங்கினாற் போதுமென்று எல்லா வழியையும் திறந்து, பொதிகளைக் கடத்திவிடும் அமைப்பையும் முடுக்கிவிடுபவர், காவலின்றிக் கதவைத் திறந்துவைத்தவராவர். தேவையில்லாவிடத்து இரண்டாவது கார்டை இணையாதிருத்தலே நன்று.

ஆதலின் நாம் வேண்டுவது இது: கல்லூரிகளின் கணிப்பொறிக் கூடங்களில், ஆசிரியர் வழியட்டவணையில் ஒரு பிழையை வேண்டுமென்றே அமைத்து, அதனைக் கண்டறியும் பயிற்சியை மாணாக்கர்க்கு அளித்தல் வேண்டும். காரணத்தை எழுத்தில் காட்டும் வரை அவர் திருப்புளியைத் தொடலாகாது. இப்பயிற்சி பெற்ற இளைஞர் ஓர் ஊர்ப்பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ சென்று பணிபுரியுங்கால், அந்நிலையத்தாரின் பொருளும் காக்கப்படும். அவர்தம் கதவும் காக்கப்படும்.