திரிகையும் இசைத் தட்டும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஓசூரில் நமது நண்பர் ஒருவரின் இல்லத்துக்குப் போயிருந்தோம். சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் யந்திரங்களோடு மல்லாடிவிட்டு ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு பெற்றவர்களில் சிலர் பேரக் குழந்தைகளைக் கவனிப்பார்கள். சிலர் தங்கள் தேகாரோக்கியத்தைக் கவனிப்பார்கள். நமது நண்பரோ பழைய இசைத் தட்டுகளைக் கவனிக்கிறார். வாலிபத்தில் பெங்களூர்க் கடைகளில் தேடித் தேடி வாங்கிய தட்டுகளை மெல்லிய துணியால் துடைத்து, குழந்தையைத் தொட்டிலில் இடுவதுபோல யந்திரத்தில் இடுவார்.

காப்பி வந்தது. கூடவே ஒரு தட்டும் சுழலத் தொடங்கிற்று. 1981-ம் வருஷம் ஆர்.ஸி.ஏ. கம்பெனியார் வெளியிட்டது. ஜிம் ரீவ்ஸ், பாட்ஸி க்ளைன் என்ற இரண்டு அமெரிக்கப் பாடகர்களின் 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்'. அதாவது, ஜனங்கள் மிகவும் விரும்பிக் கேட்ட பாட்டுகளைப் பொறுக்கி எடுத்த தொகுப்பு. அந்தச் சங்கீதத்துக்கு அவர்கள் ஊரில் 'கன்ட்ரி மியூஸிக்' என்று பெயர். நாட்டுப்புறச் சங்கீதம் என்று நாம் சொல்லிக் கொள்ளலாம்.

"ஓசூரில் உட்கார்ந்துகொண்டு டெக்ஸாஸ் நாட்டுப் பாட்டா?" என்று நேயர்கள் கேட்கக்கூடும். நாமும் கேட்டோம். ஆனால் ஜிம் ரீவ்ஸுக்கு இந்தியாவிலும் இலங்கையிலும் ஏராளமான ரசிகர்கள் உண்டு. 1923-ல் டெக்ஸாஸில் ஒரு கிராமத்தில் பிறந்தவர்; பந்தாட்டக்காரராக விரும்பி, காலில் அடிபட்டு, ரேடியோ அறிவிப்பாளராகி, பிறகு பாடகரானவர். ஆரம்பத்தில் உரத்த குரலில் பாடியவர், பின்னால் மைக்குக்கு வெகு அருகில் வாயை வைத்து, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோல் பாடத் தொடங்கினார். அந்தக் குரல்தான் கடல் கடந்து வந்தது. 1964-ம் வருஷம் ஜூலை 31-ந் தேதி, தாமே ஓட்டிச் சென்ற சிறு விமானம் விழுந்து மாண்டார். வயது 40. அதற்கு முந்தின வருஷம் மார்ச் 5-ந் தேதி, பாட்ஸி க்ளைனும் விமான விபத்திலேயே மறைந்தார். அந்த அம்மாளுக்கு வயது 30.

விசேஷம் இனிமேல்தான் இருக்கிறது. தட்டில் ஒரு பாட்டை இருவரும் ஜோடியாகப் பாடுகிறார்கள். உயிரோடிருந்த காலத்தில் அவர்கள் அப்படிச் சேர்ந்து பதிவு செய்ததே இல்லை! ஒரே பாட்டைத் தனித்தனியே பாடி வைத்திருந்தார்கள். இருவரும் இறந்து எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு, பழைய நாடாக்களிலிருந்து குரல்களை மட்டும் பிரித்தெடுத்து, ஒன்றோடொன்று இணைத்து, புதிய வாத்தியங்களையும் சேர்த்துவிட்டார்கள்.

"வியாபார சாமர்த்தியம்! செத்தவர்களைக் கூட வேலையிலிருந்து விடமாட்டார்கள் போலிருக்கிறது" என்றோம்.

கூடத்து மூலையில் நண்பரின் தாயார் அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்தார். எண்பத்தாறு வயது. "அவர்கள் இரண்டு பேரும் இப்போது இல்லையா, வாத்தியாரய்யா?" என்று கேட்டார். விஷயத்தை விளக்கிச் சொன்னோம். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என் ஓரகத்தி குரல் ஓரிடத்திலும் இல்லையே, சாமி" என்றார்.

அந்த அம்மாள் வாழ்க்கைப்பட்டது கெலமங்கலத்துப் பக்கம். கேழ்வரகு விளையும் பூமி. விடியுமுன் எழுந்து, இரண்டு மருமகப் பெண்களும் திரிகைக்கு இருபுறமும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒரே பிடியை இருவரும் பற்றிச் சுற்றுவார்களாம். ஒருத்தி ஓர் அடி பாடுவாள். மற்றவள் பதில் அடி பாடுவாள். தெலுங்கில் தொடங்கும் பாட்டு கன்னடத்தில் திரும்பித் தமிழில் முடியும். எல்லைப் பிரதேசத்து நாவுக்கு மூன்று பாஷைகளும் மூன்று படிக்கட்டுகள் மாதிரி.

பேத்தி உடனே கைப்பேசியை எடுத்துக்கொண்டு, "பாடு, அவ்வா" என்றாள். "கல் சுற்றாமல் பாட்டு எப்படியம்மா வரும்?" என்றார் பாட்டி.

துளசி மாடத்தடியில் கிடந்த திரிகையை நண்பர் கழுவிக் கொணர்ந்தார். முப்பது வருஷத் தொழில் அனுபவம் வீண்போகவில்லை. பிடிக்குக் கட்டை சீவிப் பொருத்திவிட்டார். எதிரே உட்கார ஆள் வேண்டுமே? பி.ஏ. பட்டம் பெற்ற நாம் உட்கார்ந்தோம்.

கல் சுழன்றது. அம்மாள் ஓர் அடி பாடினார், நிறுத்தினார். மறந்துவிட்டதாக்கும் என்று நினைத்தோம். இல்லை. பதில் அடிக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டு, தாளம் பிசகாமல் அடுத்த அடியை எடுத்தார். நடுவில் கல்லின் சப்தம் மட்டுமே கேட்டது.

"பதில் அடியையும் நீங்களே பாடலாமே, அம்மா?" என்றோம்.

"அது அவள் பாட்டு. தினம் ஒரு மாதிரி கட்டுவாள். எனக்கு எப்படி வரும்?" என்றார்.

ஏழு பாட்டுகள் பாடினார். நமது கேலிப் பேச்சுக்காக அப்போது வெட்கப்பட்டோம். இரண்டு குரல்களை யந்திரத்தால் இணைக்க வேண்டுமானாலும், இரண்டும் எங்கேயாவது பதிவாகியிருக்க வேண்டும் அல்லவா?

அமெரிக்காவில் பிரிஸ்டல் என்று ஓர் ஊர். அதுவும் நமது ஓசூரைப் போல் எல்லை ஊர்தான். டென்னஸிக்கும் வர்ஜீனியாவுக்கும் இடையிலுள்ள எல்லைக்கோடு அதன் பிரதான வீதியின் நடுவே ஓடுகிறது. 1927-ம் வருஷம் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் விக்டர் கம்பெனியின் சார்பில் ரால்ஃப் பியர் என்பவர் பதிவு யந்திரங்களோடு அங்கே முகாம் போட்டார். இரண்டு வாரத்துக்குள் 19 கோஷ்டியார் வந்து 76 பாட்டுகள் பாடினார்கள். பிற்காலத்தில் பெரும் புகழ் பெற்ற கார்ட்டர் குடும்பத்தாரும் ஜிம்மி ராட்ஜர்ஸும் அவர்களில் அடக்கம். பியர் வந்தது வியாபாரத்துக்காகத்தான். ஆயினும் களத்தில் குவியல் சேர்ந்தது. சேர்ந்த பிறகே தூற்றிப் புடைத்துச் சிறந்த மணிகளைப் பொறுக்க முடிந்தது.

நம் நாட்டிலும் அந்தக் காலத்தில் கிராமபோன் இல்லாமல் இல்லை. கிட்டப்பா, சுந்தராம்பாள் முதலிய நாடக மேதைகளின் குரல்களைத் தட்டுகள் காப்பாற்றித் தந்தன. திரிகையடிக்குத்தான் ஒருவரும் வரவில்லை. கொல்லங்குடி கருப்பாயியை ரேடியோவும், 1985-ல் 'ஆண் பாவம்' படமும் நமக்குக் காட்டின. பரவை முனியம்மாவை 2003-ல் 'தூள்' படம் எங்கும் அறியச் செய்தது. முனியம்மா 2020-லும் கருப்பாயி 2025-லும் காலமாகிவிட்டார்கள். கிராமப் பாட்டுகளைத் தேடித் திரட்டிப் பாடிவரும் விஜயலக்ஷ்மி நவநீதகிருஷ்ணனுக்கு 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் இவர்களெல்லாம் மதுரை, சிவகங்கைச் சீமைக்காரர்கள். எல்லைக்கு அப்பால் ராமநகரத்துக்கு அருகே, எச்.எல். நாகேகௌடர் 1994-ல் 'ஜானபத லோக'த்தை நிறுவிக் கன்னட நாட்டுக் கலைகளுக்கு ஒரு வீடு கட்டித் தந்தார். மூன்று பாஷையும் கலந்த நம் திரிகைப் பாட்டை எந்த வீட்டில் சேர்ப்பது? மூன்று பேருக்குப் பொதுவான கிணற்றை மூவரும் தூர்வாராமல் விட்டுவிடுவது உலக வழக்கம்.

ஆகையால், நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ பாடத் தெரிந்த முதியவர் இருந்தால், அவருடைய சம்மதம் பெற்று, இந்த வாரமே பதிவு செய்து வையுங்கள். எது சிறந்தது என்று இப்போதே ஆராய வேண்டாம். இருமலும் மறதியும் உள்பட எல்லாவற்றையும் எடுங்கள். ஊரையும் தேதியையும் பாடியவர் பெயரையும் குறித்து வையுங்கள். பதில் பாடுகிறவர் இருந்தால், அவரையும் அழைத்து எதிரே உட்கார வையுங்கள்.

நாம் விடை பெற்றபோது, அம்மாள் ஒரு பொட்டலம் மாவை நமது கையில் கொடுத்து, "அரைத்தது நீங்கள்தானே, வாத்தியாரய்யா?" என்றார். அன்றிரவு வீட்டில் அந்த மாவில் களி கிண்டினார்கள். உள்ளங்கையில் கொப்புளம் கண்டிருந்தபடியால் கரண்டியால்தான் சாப்பிட முடிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வருவதாகச் சொல்லியிருக்கிறோம். இன்னும் நாலைந்து பாட்டுகள் ஞாபகத்துக்கு வரும் என்கிறார் அம்மாள்.