ஸ்கேனர் வாங்கப் போகிறீர்களா?

காடிப் பட்டறை நடத்தும் தம்பிமார்களே! கோளாறு பார்க்கும் ‘ஸ்கேனர்’ வாங்குமுன், ஒரு மாதத்தில் உங்களிடம் வரும் வண்டிகளை எழுதி வையுங்கள். புரோட்டோனும் பெரோடுவாவுமே மிகுதியென்றால், அவற்றை நன்றாகப் படிக்கும் கருவி போதும். ஐரோப்பிய வண்டிக்காகக் கடன்படுவானேன்? மலிவுக் கருவி பெரும்பாலும் இஞ்சின் குறியீட்டை மட்டுமே காட்டும், ஏ.பி.எஸ். பிரேக், காற்றுப்பை பக்கம் போகாது. ஆண்டுக் கட்டணம் உண்டா என்றும் கேளுங்கள். பழைய வண்டியொன்றில் மாட்டிப் பார்த்த பிறகே வெள்ளியை எண்ணிக் கொடுங்கள்.

வாங்கிவிட்டீர்கள், ‘பி 0171’ என்று காட்டுகிறது. எரிபொருளுக்குக் காற்று மிகுதி என்று பொருள். உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றி வாடிக்கையாளர் பணத்தைக் கரைக்காதீர்கள்! வெடித்த ரப்பர் குழாய் வழியே காற்று புகுந்திருக்கலாம். கருவி திசையைக் காட்டும். கோளாற்றைக் கண்டுபிடிப்பவை உங்கள் கண்ணும் கையும்தான்.