சங்ககிரி ஹிந்தி

டேட், டாயி, சாடே. சங்ககிரியிலோ நாமக்கல்லிலோ வடக்கே ஓடும் லாரியில் புதிதாக ஏறுகிற பையன் 'நமஸ்தே'வுக்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய சொற்கள் இவை. டேட் என்றால் ஒன்றரை. டாயி என்றால் இரண்டரை. மூன்றரையிலிருந்து சாடே வந்து ஒட்டிக்கொள்ளும்: சாடே தீன், சாடே சார். கால் குறைந்தால் பௌனே. இறக்குக் கூலி பேசும்போது எதிராளி 'பௌனே தோ ஹஜார்' என்றால் 1,750 ரூபாய். புதியவன் காதில் கடைசியாக வரும் 'தோ ஹஜார்' மட்டும்தான் விழும். இரண்டாயிரத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வருவான். மீதி 250 ரூபாயைக் கூப்பிட்டுக் கொடுக்க யாரும் வரமாட்டார்கள்.

நூறு வரைக்குமான ஹிந்தி எண்களும் லேசில் பிடிபடாது. எழுபத்தொன்பதுக்கு உன்யாசி, அதாவது எண்பதுக்கு ஒன்று குறைவு. அதே கணக்கில் எண்பத்தொன்பதும் வரும் என்று எதிர்பார்த்தால் அது நவாசி என்று வேறு வழியில் போகும். எண்களைக் குழப்புவதில் டச்சுக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. இருபத்தொன்றை 'ஒன்றும் இருபதும்' என்று திருப்பிப் போட்டுச் சொல்வார்கள். ஆனால் ஆம்ஸ்டர்டாமுக்குப் போகும் பயணிக்கு ஒரு வசதி உண்டு. தட்டுத்தடுமாறி டச்சில் ஒரு காபி கேட்டால் பதில் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வந்துவிடும். 2012-ல் ஐரோப்பிய ஒன்றியம் எடுத்த கணக்கெடுப்பில் பத்துக்கு ஒன்பது டச்சுக்காரர்கள் தங்களால் ஆங்கிலத்தில் பேச முடியும் என்றார்கள். அங்கே போகிற ஆங்கிலக்காரருக்கு நாலு டச்சு வார்த்தை தெரிந்திருப்பது மரியாதைக்கு. நாக்பூர் தாண்டுகிற சங்ககிரிக்காரருக்கு நாலு ஹிந்தி வார்த்தை பிழைப்புக்கு.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 1968 முதல் இருமொழிக் கொள்கை. ஆகவே இந்த ஓட்டுநர்களில் பெரும்பாலோர் ஹிந்தி எழுத்தைப் பள்ளிக்கூடத்தில் பார்த்ததே இல்லை. ஹிந்தி பிரச்சார சபாவின் பிராத்மிக், மத்யமா தேர்வுகள் சேலம் டவுன் வீட்டுப் பிள்ளைகளுக்கு. மற்றவர்களுக்கு பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கும் முப்பது நாள் புத்தகம். அதைப் படித்து ஹிந்தி பேசியவர் யார் என்று தேடினால் ஆள் கிடைப்பது கஷ்டம். பாக்யராஜ் 1981-லேயே 'இன்று போய் நாளை வா' படத்தில் ஹிந்தி டியூஷனை வைத்து ஊரையே சிரிக்க வைத்துவிட்டார். ஹிந்தித் திணிப்பு வேண்டாம் என்று ஓட்டுப் போடுகிறவரும் தாபாவில் உட்கார்ந்து 'சாவல் ஹை க்யா?' – சோறு இருக்கிறதா – என்று கேட்கிறார். இரண்டுக்கும் நடுவே அவருக்கு எந்தச் சங்கடமும் இல்லை. இருக்க வேண்டியதும் இல்லை.

முப்பது நாள் புத்தகத்தின் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. அது கேள்வி கேட்கச் சொல்லித்தரும், பதிலைச் சொல்லித்தராது. சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரத்துக்குப் போகிற லாரியை எடுத்துக்கொள்வோம். அங்கே விரத நாளில் ஜவ்வரிசிக் கிச்சடி இல்லாத வீடு அபூர்வம். சரக்கின் பெயர் சாபுதானா. எடைமேடைக்குப் பெயர் தரம் காண்டா, சரக்கு ரசீதுக்கு பில்டி, வாடகைக்கு பாடா. இதெல்லாம் ஒரே நடையில் வந்துவிடும். 'காலி கப் ஹோகா?' – எப்போது இறக்குவீர்கள் – என்று கேட்கவும் வந்துவிடும். குடோன் வாசலில் நிற்கிறவர் வாயில் பான்பராக்கோடு சொல்கிற பதில்தான் பாடம்.

"என்னங்ணா சொல்றாரு?"

"கல்-ங்கறாரு. நாளைக்குத்தான். அடுப்பப் பத்த வெய்யி."

ஹிந்தியில் 'கல்' நேற்றைக்கும் ஆகும், நாளைக்கும் ஆகும். 'பர்சோ'வும் அப்படியே, முந்தாநாளும் அதுதான், நாளன்னைக்கும் அதுதான். 'டைம் லகேகா' – நேரமாகும் – என்றால் சட்டியை இறக்கி நிதானமாகக் குழம்பே வைக்கலாம். அனுபவப்பட்ட ஓட்டுநருக்கு வாக்கியம் முழுசும் புரிவதில்லை. எந்தச் சொல் விழுந்தால் எத்தனை மணி நேரம் போகும் என்பது புரியும்.

ஹிந்தி ஒன்றே போதும் என்றும் சொல்லிவிட முடியாது. கன்னியாகுமரியையும் ஸ்ரீநகரையும் இணைக்கும் 44-ஆம் எண் நெடுஞ்சாலை, பழைய ஆட்கள் வாயில் இன்னும் ஏழாம் நம்பர் ரோடு, நாமக்கல், சேலம் வழியாகத்தான் போகிறது. ஓசூர் தாண்டினால் கன்னடம், பாகேப்பள்ளி தாண்டினால் தெலுங்கு, ஹைதராபாத்தில் ஒரு தினுசு உருது, ஆதிலாபாத் கடந்ததும் மராத்தி. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற குடும்பங்கள் சேலம், நாமக்கல் பக்கம் நிறைய. அவர்கள் பாடு பாதி வழிவரைக்கும் நிம்மதி. மற்றவர்களுக்கு 'அண்ணா' கை கொடுக்கும், கன்னடத்திலும் தெலுங்கிலும் அதே அண்ணாதான். மகாராஷ்டிரத்தில் 'பாவு', பஞ்சாபில் 'பாஜி'. உறவைச் சரியாகச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் பிற்பாடு இலக்கணம் எப்படிக் குழம்பினாலும் பஞ்சர் கடைக்காரர் பொறுத்துக்கொள்கிறார்.

பேச வேண்டிய இடங்களும் குறைந்துவிட்டன. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் மாநில எல்லைகளில் விற்பனை வரிச் சோதனைச் சாவடிகள் போயின. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானதும் டோல்கேட்டில் சில்லறைக்கு வாய் திறக்கும் வேலையும் போயிற்று. மிச்சம் இருப்பது ஆர்.டி.ஓ., போலீஸ், குடோன், ஒர்க்‌ஷாப். அங்கேயும் முடியாவிட்டால் புக்கிங் ஆபீசுக்கு போன் போட்டு, அதை எதிராளி கையில் கொடுத்துவிடலாம். இப்போது பல வண்டிகளில் கிளீனரே கிடையாது. அண்ணன் பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்டுக் கற்றுக்கொள்கிற பள்ளிக்கூடம் அதோடு மூடிக்கொண்டிருக்கிறது.

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் கதை வேறு மாதிரி. போர்வெல் போட வட மாநிலங்கள் வரை போகிற இந்த வண்டிகளில் வேலை செய்கிற பையன்கள் பலரும் சத்தீஸ்கர், ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கத்தவர்கள். தமிழர் அவர்களிடம் ஹிந்தி கற்கிறார்; அவர்கள் இவரிடம் தமிழ். புத்தகமும் கிடையாது, ஃபீசும் கிடையாது. நாமக்கல் கோழிப்பண்ணையிலும் பள்ளிபாளையம் தறிப்பட்டறையிலும் நடப்பது இதுதான். ஆனால் அந்தப் பையன்கள் காதில் நாளெல்லாம் விழுவது வா, போ, எடு, வை. கொங்குத் தமிழில் வாக்கியத்துக்கு வாக்கியம் வருகிற 'ங்க' அவர்களைப் பார்த்து யாரும் சொல்வதில்லை. அதனால் ஆறே மாதத்தில் சரளமாகப் பேசுகிற பையன் பண்ணைக்காரர் வீட்டம்மாவிடம் "அக்கா, நீ சாப்டியா?" என்கிறான். வீட்டம்மா சிரிக்கிறார். மாமியார் இருந்தால் முகம் சுளிக்கிறார்.

நம்மவர் கதையும் வடக்கே இதேதான். லாரிக்காரரை அங்கே 'ஆப்' என்று மரியாதையாகக் கூப்பிடுகிறவர் குறைவு. கேட்டதெல்லாம் 'தூ', 'தும்'. ஆகவே வண்டியை மடக்குகிற அதிகாரியிடமும் 'தும் போலோ சார்' – நீ சொல்லு சார் – என்றே வாயில் வருகிறது. சார் ஒட்டிக்கொண்டிருப்பதால் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறார்.